ஆடு புலி, செஸ் நிரல்களுக்கு ஹேஷ் கீ எத்தனை பிட்? 32 போதுமா, 64 வேணுமா?

#1 பாமணியாறு, மன்னார்குடி

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு நிரல் எழுதுகிறோம். ஒன்று செஸ். திருப்பூவனூர் எங்களுக்குப் பக்கம். சாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர் இருக்கிற ஊர்ப்பக்கத்தில் செஸ்ஸை விட்டுவிட முடியாது. இன்னொன்று ஆடு புலி ஆட்டம், 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு.

ஒரே நிலை வேறு வேறு வழியில் திரும்பத் திரும்ப வருவதால், ஒருமுறை கணக்குப் போட்டதை ஹேஷ் டேபிளில் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு நிலைக்கும் அடையாள எண் ஒன்று உண்டு, அதுதான் கீ. போனிலும் ஓட வேண்டும் என்பதால் டேபிளுக்கு 16 எம்பிதான் ஒதுக்க முடியும். இப்போது ஒரு என்ட்ரிக்கு, அதாவது ஒரு நிலையின் பதிவுக்கு, 16 பைட் ஆகிறது, அதில் 8 பைட் கீ மட்டுமே. கீயை 32 பிட் ஆக்கினால் என்ட்ரி 12 பைட்டில் முடிந்துவிடும்.

"ரெண்டு நிலைக்கு ஒரே கீ வந்துட்டா என்ன ஆகும் டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "வராது" என்று சொல்லி மழுப்ப எனக்கு மனசில்லை. எவ்வளவுக்கு ஒருமுறை வரும், வந்தால் என்ன கெடும் என்று எண்ணோடு சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

#2 அரசலாறு, கும்பகோணம்

64 பிட் வைங்க டீச்சர். எல்லாரும் அதைத்தான் வைக்கிறாங்க. 8 பைட்டுக்குக் கணக்குப் பார்க்காதீங்க.

#3 வெட்டாறு, திருவாரூர்

எல்லாரும் வைக்கிறாங்க என்பது பிள்ளைகளுக்குப் பதில் ஆகாது தம்பி. அடிப்படையிலிருந்து வருவோம்.

இந்த முறையை ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் எழுதினார். ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சமவாய்ப்பு எண். பலகையில இருக்கிற காய்களோட எண்களை எல்லாம் எக்ஸார் (பிட் பிட்டா ஒப்பிட்டு, வேறுபட்டா 1, ஒத்தா 0) செய்தால் அந்த நிலையின் கீ. காய் நகர்ந்தால் பழைய கட்டத்து எண்ணை ஒருமுறை எக்ஸார், புதுக் கட்டத்து எண்ணை ஒருமுறை எக்ஸார். முழுப் பலகையையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. செஸ்ஸுக்கு 12 வகைக் காய், 64 கட்டம், ஆக 768. அதோடு கோட்டை கட்டும் உரிமைக்கு 4, ஆன்பாஸான் என்ற சிப்பாயின் சிறப்பு வெட்டுக்கு 8, யார் முறை என்பதற்கு 1. மொத்தம் 781. பாலிகிளாட் என்ற செஸ் நிரலின் திறப்பாட்டக் கோப்புகளிலும் இதே 781 எண்கள்தான்.

இப்ப மோதல், அதாவது ரெண்டு நிலைக்கு ஒரே கீ வர்றது. இதுல பிறந்தநாள் கணக்கை எல்லாரும் சொல்வாங்க. 32 பிட் கீயில சுமார் 77,000 நிலைகளைச் சேர்த்தாலே, அதில் ஏதோ இரண்டு ஒரே கீயோடு இருக்கப் பாதி வாய்ப்பு. 64 பிட்டில் அதே பாதி வாய்ப்புக்குச் சுமார் 506 கோடி நிலைகள் வேணும். கணக்கு சரி. ஆனா உங்க கேள்விக்கு இது நேர்ப் பதில் இல்லை. "உலகத்துல எங்கேயாவது ரெண்டு நிலை மோதுமா" என்பது நமக்கு வேண்டாத கேள்வி. ஒரு நிலையை டேபிளில் தேடும்போது டேபிளின் ஒரு அறையில், அதாவது அந்த ஒரு பக்கெட்டில் இருக்கிற ரெண்டு மூணு என்ட்ரியோடுதான் ஒப்பிடுறோம். அங்கே தப்பான என்ட்ரி "நான்தான் அது"ன்னு சொல்ற வாய்ப்பு எவ்வளவு? கேட்க வேண்டியது அதுதான்.

#4 குடமுருட்டி, திருவையாறு

இதோடு ஒரு தகவல். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் டேபிளில் சேமிக்கிற கீ வெறும் 16 பிட். கணக்கிடுறது 64 பிட் கீதான், ஆனா என்ட்ரிக்குள்ள எழுதிவைக்கிறது 16. ஒரு என்ட்ரி 10 பைட், மூணு என்ட்ரி சேர்ந்து 30, இரண்டு பைட் சும்மா விட்டு 32 பைட் தொகுதி. செயலி நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் எடுக்கிற துண்டு, அதாவது கேஷ் வரி, 64 பைட் என்பதால ஒரு வரிக்கு இரண்டு தொகுதி கச்சிதமா உட்காரும்.

#5 அரசலாறு, கும்பகோணம்

16-ஆ? அப்ப ஒரு தேடலுக்கு 65,536-ல 3 வாய்ப்புன்னு தப்பு வரும். அதாவது 21,845-க்கு ஒண்ணு. அந்த இன்ஜின் நொடிக்குப் பல லட்சம் நிலை பார்க்குது. நொடிக்கு நொடி தப்பு வந்துக்கிட்டே இருக்குமே! அப்புறம் எப்படி அது உலகத்திலேயே பலமான இன்ஜின்கள்ல ஒண்ணா இருக்கு?

#6 வெட்டாறு, திருவாரூர்

நல்ல கேள்வி, அதுக்கு வர்றேன். முதல்ல ஒரு பொறியைக் காட்டிடுறேன். நிறைய நிரல்களில் இது ஒளிஞ்சிருக்கும்.

நெல் கிடங்கில் மூட்டை எந்த வரிசை, எந்த அடுக்குன்னு இடத்தை வெச்சே பாதி விலாசம் தெரிஞ்சுடும். மூட்டை மேல ஒட்டுற சீட்டில் மீதி விலாசம் இருந்தா போதும். ஹேஷ் கீயும் இப்படித்தான். டேபிளுக்குள் எந்த இடம் என்பதைக் கீயின் சில பிட்டுகள் தீர்மானிக்குது. அந்த பிட்டுகளைத் திரும்ப என்ட்ரிக்குள்ள எழுதினால் புதுசா எதுவும் தெரியாது.

டீச்சரோட கணக்கையே எடுத்துக்குவோம். 16 எம்பி, 16 பைட் என்ட்ரி, 10,48,576 என்ட்ரி. அதாவது இடத்தைக் காட்டுற எண்ணுக்கு, இண்டெக்ஸுக்கு, 20 பிட். கீயின் கீழ் 20 பிட்டை இண்டெக்ஸுக்கு எடுத்துட்டு, சேமிக்கவும் கீழ் 32 பிட்டையே வெட்டி எடுத்தால், அதுல 20 பிட் ஏற்கெனவே ஒத்துப்போனது. மிச்சம் உண்மையில் வேலை செய்யறது 12 பிட்தான். பெயருக்கு 32, பலனுக்கு 12. நாலு என்ட்ரியோடு ஒப்பிட்டால் 1,024 தேடலுக்கு ஒரு பொய்ப் பொருத்தம். போனில் நொடிக்கு 5 லட்சம் தேடல்னு வெச்சா நொடிக்கு 488 தப்பு.

அதே 32 பிட்டை மேல் பாதியிலிருந்து எடுங்க. இப்ப 32-ம் வேலை செய்யும்; 107 கோடித் தேடலுக்கு ஒரு பொய்ப் பொருத்தம். அதே 5 லட்சம் வேகத்தில் 36 நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒரு பைட் கூடச் செலவில்லை, எந்த முனையிலிருந்து வெட்டுறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

24 பிட் சேமிச்சா ஏறக்குறைய 8 நொடிக்கு ஒண்ணு. 16 பிட்டுன்னா நொடிக்கு 30. இண்டெக்ஸ் போக மிச்சமிருக்கிற 44 பிட்டையும் சேமிச்சா நூறு நாளுக்கும் மேல ஓடவிட்டால்தான் ஒண்ணு. எல்லாமே மேல்வரம்பு, டேபிள் நிரம்பியிருந்து, தேடுற நிலை அதில் இல்லாதபோதுதான் இந்த வாய்ப்பு முழுசா வரும்.

#7 பாமணியாறு, மன்னார்குடி

கேட்டது இதுதான், நன்றி. 36 நிமிஷத்துக்கு ஒண்ணு என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். இனி இரண்டாம் பாதி: அந்த ஒரு தப்பு வரும்போது ஆட்டத்தில் என்ன நடக்கும்?

#8 குடமுருட்டி, திருவையாறு

இரண்டு விதமா கெடலாம். டேபிளில் இருக்கிற நகர்வு இந்தப் பலகைக்குச் சம்பந்தமே இல்லாததா இருக்கலாம். அங்கே இல்லாத குதிரையை நகர்த்தினால் பலகையே சிதைஞ்சு நிரல் விழுந்துடும். அதனால டேபிளிலிருந்து வந்த நகர்வை, இந்த நிலையில் அது விதிப்படி சாத்தியமான்னு பார்த்த பிறகுதான் ஆடணும். ஸ்டாக்ஃபிஷ் இந்தச் சோதனையைச் செய்யுது. 64 பிட்டும் சேமிச்சாலும் இதை விடக்கூடாது.

இன்னொண்ணு மதிப்பெண் தப்பா வர்றது. இங்கேதான் அரசலாறு கேட்டதுக்குப் பதில். பொய்ப் பொருத்தம் வந்தவுடனே ஆட்டம் கெட்டுடாது. அந்த என்ட்ரியின் ஆழம் (எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்த்தது) போதணும், மதிப்பெண் வரம்பு பொருந்தணும். இல்லாட்டி மதிப்பெண்ணை நிரல் பயன்படுத்தாது. பயன்படுத்தினாலும் அது பல லட்சம் கிளையில் ஒரு கிளை. மேலே வேர் வரைக்கும், அதாவது இப்ப ஆட வேண்டிய நிலை வரைக்கும், அந்தத் தப்பு வந்து சேர, வழியில் ஒவ்வொரு மட்டத்திலும் அதுவே சிறந்த நகர்வா இருக்கணும். பயனில்லாத கிளைகளை வெட்டிட்டுத் தேடுற ஆல்பா பீட்டா தேடல் இப்படிப்பட்ட தப்பைப் பெரும்பாலும் விழுங்கிடும்.

ராபர்ட் ஹயட்டும் ஆன்டனி கோஸியும் 2005-ல இதை வேணும்னே சோதிச்சுப் பார்த்தாங்க. செஸ் நிரலுக்குள்ள பொய்ப் பொருத்தங்களைத் திணிச்சு, எந்த அளவு வரைக்கும் தேடல் தாங்குதுன்னு கட்டுரை எழுதினாங்க. எல்லாரும் நினைச்சதைவிட ரொம்ப அதிகமாவே தாங்குது. கீயில் மிச்சம் பிடிச்ச பைட்டை வெச்சுக் கூடுதல் என்ட்ரி வெச்சா தேடல் ஆழமாகும். அந்த லாபம் இந்த நஷ்டத்தை விடப் பெரிசு. ஆகவே செஸ் விளையாடுறதுக்கு 32 தாராளம். 16-ம் போதும், நகர்வுச் சோதனை இருந்தால்.

#9 வடவாறு, ஒரத்தநாடு

நான் ஒத்துக்க மாட்டேன். அதாவது, விளையாடுறதுக்குச் சரி. ஆனா பள்ளியில பிள்ளைகள் முதல்ல செய்யப்போறது பெர்ஃப்ட் சோதனை. விதிகளைச் சரியா எழுதியிருக்கோமான்னு பார்க்க நகர்வு வரிசைகளை எண்ணிப்பார்க்கிறது. செஸ் தொடக்க நிலையிலிருந்து 5 ஆழத்தில் 48,65,609. 6 ஆழத்தில் 11,90,60,324. 7 ஆழத்தில் 319,59,01,860. ஒண்ணு குறைஞ்சாலும் தப்புதான். இதை வேகப்படுத்த ஹேஷ் டேபிள் வெச்சா, அங்கே தப்பை விழுங்க ஆல்பா பீட்டா கிடையாது. ஒரு பொய்ப் பொருத்தம் வந்தாலும் அது நேரா கூட்டுத்தொகையில் வந்து உட்கார்ந்துடும். எண் பொருந்தலைன்னா விதியில தப்பா, டேபிளில் மோதலான்னு பிள்ளைகள் நாள்கணக்கில் தேடுவாங்க. எண்ணுறதுக்கு முழு 64 பிட்டையும் சேமிங்க, ஆழமா போனா 128-க்குப் போங்க.

நிரூபணமும் அப்படித்தான். ஜோனதன் ஷேஃபரின் குழு 2007-ல செக்கர்ஸ் ஆட்டம் சரியா ஆடினால் சமன்தான்னு நிரூபிச்சாங்க. சுமார் 5-க்குப் பின்னால் 20 சைபர் போடுற அளவு நிலைகள் உள்ள ஆட்டம். அப்படி ஒரு முடிவைச் சொல்லும்போது "பெரும்பாலும் சரி"ன்னு சொல்ல முடியாது.

டேபிளுக்கு எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்து கீ அளவை முடிவு பண்றது தலைகீழ். ஒரு தப்புக்கு என்ன விலைன்னு முதல்ல பாருங்க.

#10 குடமுருட்டி, திருவையாறு

வடவாறு அண்ணே, எண்ணுறதைப் பத்தி நீங்க சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் சொன்னது ஆடுற நிரலுக்கு மட்டும்.

#11 வெண்ணாறு, தஞ்சாவூர்

இழையை முழுக்கப் படித்தேன். எல்லாரும் செஸ்ஸையே பேசுகிறீர்கள். டீச்சர் கேட்டதில் ஆடு புலியும் இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் பக்கத்துக் கோயில்களின் தரைக்கல்லில் கோடு கீறி ஆடிய ஆட்டம் இது. அதற்கு செஸ்ஸின் வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவர வேண்டியதில்லை.

ஆடு புலியில் ஸோப்ரிஸ்ட் எண்ணே வேண்டாம். 23 புள்ளி, எந்தப் புள்ளியில் ஆடு என்பதற்கு 23 பிட், எந்தப் புள்ளியில் புலி என்பதற்கு 23 பிட். கையில் மிச்சமுள்ள ஆடு 0 முதல் 15 வரை, அதற்கு 4 பிட். யார் முறை, 1 பிட். மொத்தம் 51. வெட்டுப்பட்ட ஆட்டை எழுத வேண்டியதே இல்லை. 15-இல் பலகையிலும் கையிலும் உள்ளதைக் கழித்தால் கிடைத்துவிடும். முழு நிலையும் 64 பிட்டுக்குள் அப்படியே உட்காருகிறது. இரண்டு நிலைக்கு ஒரே கீ வரவே வராது. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு, இந்த ஆட்டத்தில் "வராது" என்றே பதில் சொல்லலாம் டீச்சர். அதில் மழுப்பல் இல்லை.

இந்த 51 பிட்டையே இண்டெக்ஸாக வெட்டினால் நிலைகள் ஒரே பக்கம் குவியும். அதனால் ஒரு பெரிய ஒற்றைப்படை எண்ணால் பெருக்கி, 51 பிட்டுக்கு மேல் போவதை வெட்டிவிடுங்கள். ஒற்றைப்படை எண்ணால் இப்படிப் பெருக்குவது திருப்பக்கூடிய செயல். இரண்டு வெவ்வேறு எண்கள் ஒன்றாகிவிடாது. கலந்த எண்ணின் மேல் 20 பிட் இண்டெக்ஸ், மிச்சம் 31 பிட் சேமிக்க. வெட்டாறு சொன்ன கிடங்குக் கணக்குதான். நீங்கள் கேட்ட 32 பிட் இடத்தில் ஒரு பிட் மிச்சம் வைத்து, பிழை துளிகூட இல்லாமல் முடிகிறது. ஒரே நிபந்தனை, இண்டெக்ஸ் காட்டுகிற இடத்திலேயே என்ட்ரி இருக்க வேண்டும். அடுத்த இடத்துக்குத் தள்ளி வைத்தால் கணக்கு உடைந்துவிடும். தொகுதியாக வைத்தால் தொகுதி எண்ணை இண்டெக்ஸாக எடுத்து, குறைகிற பிட்டுகளைச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு என்ட்ரித் தொகுதி என்றால் 18-ம் 33-ம்.

பல்லாங்குழிக்கும் இது பொருந்தும். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 முத்து என்ற வழக்கத்தில், இருவர் கையில் சேர்ந்ததையும் கணக்கில் எடுத்தாலும் எல்லா நிலைகளும் 55 பிட்டுக்குள் அடங்கும். இதன் உறவான ஆப்பிரிக்க ஆட்டம் அவாரியை ஜான் ரோமைனும் ஹென்றி பாலும் 2002-இல் முழுக்கத் தீர்த்தார்கள். 88,906 கோடிக்கு மேற்பட்ட நிலைகள்.

#12 அரசலாறு, கும்பகோணம்

வெண்ணாறு ஐயா, அருமை. புள்ளிக்கு மூணு நிலைதானே, காலி, ஆடு, புலி. மூணடிமானத்தில் எழுதினால் 3²³, அதாவது 9,414 கோடி, 37 பிட்டில் முடியும். அதோட 4-ம் 1-ம் சேர்த்தா 42. என்ட்ரியை 8 பைட் ஆக்கினால் 16 எம்பியில் 20,97,152 என்ட்ரி, இண்டெக்ஸ் 21, சேமிப்பு 21. மிச்சம் 43 பிட்டுல எங்கிருந்து எங்கேன்னு நகர்வுக்கு 10, ஆழத்துக்கு 8, வரம்புக்கு 2, மீதி மதிப்பெண்ணுக்கு. டேபிள் இரட்டிப்பாகுது, தப்பும் இல்லை!

#13 வெண்ணாறு, தஞ்சாவூர்

சரியாகப் பிடித்தீர்கள். மூணடிமான எண்ணைக் காய் நகரும்போதெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டே வரலாம், ஒவ்வொரு புள்ளிக்கும் 3-இன் அடுக்கை முன்கூட்டியே எழுதி வைத்தால் போதும்.

இன்னும் ஒரு படி போகலாம். மூன்று புலியை 23 புள்ளியில் வைக்க 1,771 வழி. மிச்சம் 20 புள்ளியில் 0 முதல் 15 வரை ஆடுகளை வைக்க 10,42,380 வழி. பெருக்கினால் 184 கோடியே 60 லட்சம். யார் முறை என்பதற்கு இரண்டால் பெருக்கினால் 369 கோடி. ஆடு எல்லாம் இறங்கிய பிறகு வரக்கூடிய எல்லா நிலையும் இதற்குள். ஒவ்வொன்றுக்கும் ஆடு வெற்றி, புலி வெற்றி, சமன், இன்னும் தெரியவில்லை என்று 2 பிட். 923 எம்பி. பள்ளி லேப்டாப்பில் 4 ஜிபி ரேம் இருந்தால் பின்னிருந்து முன்னாக அலசி முழுக்கத் தீர்த்துவிடலாம். இங்கே ஹேஷும் இல்லை, கீயும் இல்லை. நிலையின் வரிசை எண்ணே முகவரி. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும், அந்த வழக்கத்தைப் பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். ஒவ்வொரு ஊர் விதிக்கும் யார் பக்கம் வெற்றி என்று அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால், அது நமக்குக் கிடைக்கும் புது அறிவு.

#14 வடவாறு, ஒரத்தநாடு

இதைத்தான் நான் கேட்டேன். முழு மனசோட ஒத்துக்கறேன்.

ஒண்ணு மட்டும் சேர்க்கணும். ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தால் சமன்னு விதி வெச்சிருந்தா, நிலையோட மதிப்பு அது எந்த வழியா வந்துச்சு என்பதையும் பொறுத்தது. தேடலில் ஹேஷ் டேபிள் வெச்சா அந்தச் சிக்கல் கீ எத்தனை பிட்டா இருந்தாலும் போகாது. பின்னிருந்து அலசுறதில் இந்தத் தொல்லை வராது. கடைசிவரை வெற்றின்னு குறி விழாத நிலை எல்லாம் சமன்.

#15 வெட்டாறு, திருவாரூர்

செஸ் பக்கத்துக்கு இரண்டு எச்சரிக்கை. "மோதல் வந்துடுச்சு"ன்னு மன்றங்களில் வர்ற புகாரில் பெரும்பகுதி மோதலே இல்லை. ஆன்பாஸான் எண்ணை எடுக்க மறந்தது, யானை வெட்டுப்பட்ட பிறகும் கோட்டை உரிமை கீயில் தங்கிப்போனது, இப்படித்தான் இருக்கும். சோதனைக் காலத்தில் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் கீயை முதலிலிருந்து கணக்கிட்டு, நகர்த்தி நகர்த்தி வந்த கீயோடு ஒப்பிடுங்க. மெதுவா ஓடும், பரவாயில்லை.

அடுத்தது சமவாய்ப்பு எண். விண்டோஸ் சி கம்பைலரில் ரேண்ட் என்ற சார்பு 0 முதல் 32,767 வரைதான் கொடுக்கும், வெறும் 15 பிட். அதை 64 பிட் மாறியில் போட்டுட்டு 64 பிட் கீ வெச்சிருக்கோம்னு நினைச்சா, மேல் 49 பிட் எப்பவும் சைபர். எக்ஸார்ஷிஃப்ட் மாதிரி நல்ல முறை ஒண்ணு எடுங்க, அது தொடங்குற சீட் எண்ணை மாறாம வையுங்க. ஸ்டாக்ஃபிஷும் நிலையான சீட்தான் வைக்குது. ஒரு தப்பு வந்தால் அதே தப்பைத் திரும்ப வரவழைச்சுப் பார்க்கணுமே.

#16 பாமணியாறு, மன்னார்குடி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செஸ்ஸுக்கு 64 பிட் கீ கணக்கிட்டு மேல் 32 பிட்டைச் சேமிக்கிறோம், நகர்வுச் சோதனையோடு. பெர்ஃப்டுக்கு மட்டும் முழு 64. ஆடு புலிக்கு வெண்ணாறு ஐயா சொன்ன துல்லியக் கீ. பிள்ளைகளிடம் காட்டியபோது மதிய உணவு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். போனில் உலாவியில் ஓடும் பதிப்பு ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. அங்கே 51 பிட் எண் சரியாக வருமா?

#17 அரசலாறு, கும்பகோணம்

வரும், ஆனா பார்த்துச் செய்யணும் டீச்சர். ஜாவாஸ்கிரிப்ட் எண் 2⁵³ வரை முழு எண்ணைப் பிசகாமல் வைக்கும், அதனால 51 பிட் அடங்கும். ஆனா எக்ஸார், ஷிஃப்ட் மாதிரி பிட் செயல் எதைச் செய்தாலும் 32 பிட்டுக்கு வெட்டிடும், எந்த எச்சரிக்கையும் தராது. பெருக்கும்போதும் 2⁵³-ஐத் தாண்டிக் கீழ் பிட்டுகள் போயிடும். பெரிய முழு எண்ணுக்கான பிக்இன்ட் வகை சரியா வரும், ஆனா தேடலுக்குள்ள வெச்சா மெதுவாகும்.

இரண்டா பிரிச்சுடுங்க. ஆட்டுக்கு 23 பிட் ஒரு எண். புலிக்கு 23, கையில் உள்ள ஆடு 4, முறை 1, ஆக 28 பிட் இன்னொரு எண். இரண்டுமே 32-க்குள். இண்டெக்ஸுக்கு இரண்டையும் மேத் இமுல் என்ற 32 பிட் பெருக்கல் சார்பு வெச்சுக் கலந்து 20 பிட் எடுங்க. இரண்டு எண்ணையும் இன்ட்32 அரேயில் அப்படியே சேமிச்சு, தேடும்போது இரண்டையும் ஒப்பிடுங்க. கீக்கு 8 பைட் ஆகும், 12 பைட் என்ட்ரிங்கிற கணக்கு இந்தப் பதிப்பில் மட்டும் 16-க்குப் போகும். 10 லட்சம் என்ட்ரிக்கு உங்க 16 எம்பி சரியா இருக்கும்.